பிரின்ஸ் படுத்திருந்த சாக்கு

என் நைனாவுக்கு,

எடுத்த எடுப்பில் ஒரு சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ மேலே படிக்கவே மாட்டாய். ரைட்டு பிழைத்துக்கொண்டான். இதோ என் காலடியில்தான் படுத்திருக்கிறான், ஒரு காதை மட்டும் தூக்கிக்கொண்டு. போதுமா? இனி நான் என் போக்கில் சொல்கிறேன், குறுக்கே பேசாதே.

எனக்கு இருப்பு கொள்ளவில்லை நைனா. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோகிறது. "கால்ல சக்கரம் கட்டிகினு அலையாத, ஒரு எடத்துல குந்துடி" என்று அம்மா திட்டுகிறாள். குந்தினால்தான் எழுத முடியும் என்று குந்தியிருக்கிறேன். நீ போய் இரண்டு ஆடி கடந்துவிட்டது. உன்னிடம் சொல்ல இவ்வளவு சேதி ஒன்றாய்ச் சேர்ந்ததே இல்லை. அதில் பாதி உனக்குப் பிடிக்கும், பாதி பிடிக்காது.

நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன். பக்கத்தில் நின்று கேட்கிறவர்களுக்கும் புரிய வேண்டுமல்லவா?

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குப் பஸ் ஓட்டியே உன் ஆயுசில் பாதி போயிற்று. ரிட்டையர் ஆனதும் வீட்டில் சும்மா இருப்பாய் என்று பார்த்தால், கடற்கரைச் சாலையோரம் ஒரு மெட்ராஸ் முதலாளியின் பண்ணை வீட்டில் வாட்ச்மேனாகப் போய்ச் சேர்ந்தாய். தொண்ணூறுகளின் கடைசி அது. சவுக்குத் தோப்பாய் இருந்த இடமெல்லாம் காம்பவுண்டுச் சுவராய் எழும்பிக்கொண்டிருந்தது. சுவர் வந்தால் கேட்டு வரும், கேட்டு வந்தால் நாய் வரும். அதுவும் நம்ம தெரு நாயா? பேப்பரில் விளம்பரம் போட்டு விற்கிற ஜாதி நாய்கள். உன் பங்களாவில் இருந்தவை பிரின்ஸ், சீசர், ரோஸி. முதலாளி எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் அதுகளுக்கு அப்பனும் ஆத்தாளும் நீதான்.

கூடவே ரைட்டு. டிப்போவில் பிறந்த நாட்டு நாய். பஸ் கிளம்பக் கண்டக்டர் "ரைட்" என்று குரல் கொடுத்தால் கூடவே குரைக்கிறான் என்று நீ வைத்த பெயர். ரிட்டையர்மெண்டுக்கு எல்லோரும் உனக்குச் சால்வை போட்டு அனுப்பினார்கள். நீ அந்தச் சால்வைக்குள் இவனைச் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து, "தம்பி வோணும்னு கேட்டுகினு இருந்தியே, இந்தா" என்று என் மடியில் போட்டாய். நான் தம்பி கேட்டது ஆறு வயதில், நைனா. அப்போது எனக்கு முப்பது நெருங்கிவிட்டது.

பங்களாவுக்கும் அவனைக் கூட்டிப்போனாய். ஜாதி நாய்களோடு ஒரே கொட்டகையில் படுத்தான், ஒரே தட்டில் தின்றான். காலையில் நாஸ்தாவுக்கு முன்னால் நீ கொட்டாங்கச்சியில் கொஞ்சம் மண்ணெண்ணெயோடு உட்காருவாய். ஒவ்வொன்றையும் மடியில் சாய்த்துக் காது மடலிலும் கால் விரல் இடுக்கிலும் தேடித்தேடி உண்ணி பிடுங்கி அந்த எண்ணெயில் போடுவாய். ஆமணக்குக் கொட்டைமுத்து மாதிரி ரத்தம் குடித்து உப்பிய உண்ணிகள். "தெனம் எடுத்துகினே கீறேன், இதுங்க எங்கேர்ந்துதான் வருதோ" என்பாய். அந்தக் கேள்விக்குப் பதில் உன் முதுகுக்குப் பின்னால், கொட்டகைச் சுவர் வெடிப்பில் இருந்தது என்று இப்போது தெரிகிறது. அப்போது யாருக்குத் தெரியும்?

மழை விட்ட ஒரு கார்த்திகையில் பிரின்ஸ் சோறு தின்ன மறுத்தான். கண் மஞ்சளாகி, ஈறு வெளுத்து, மூத்திரம் வரக்காப்பி நிறத்தில் போனது. நீ உதட்டைத் தூக்கிப் பார்த்தாய், காமாலை என்றாய். வேறென்ன சொல்வாய்? நம் பக்கத்தில் கண் மஞ்சளானால் மனுஷனுக்கும் மாட்டுக்கும் ஒரே வைத்தியம்தானே. வரப்போரம் போய்க் கீழாநெல்லி பறித்து வந்து, அரைத்து, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் ஊற்றினாய். பத்தியமும் வைத்தாய். உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது, கறி கிடையவே கிடையாது. அழுதுகொண்டே கறியை நிறுத்தினவன் நீ. நானே பார்த்தேன்.

பிரின்ஸ் போனான். பின்னாலேயே ரோஸி. தை பிறப்பதற்குள் சீசரும்.

சவுக்குத் தோப்பில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு நீ கைகழுவிக்கொண்டிருந்தபோது முதலாளி வந்து சேர்ந்தார். பங்களாவில் ஏதும் பேசவில்லை. கூட்டு ரோட்டுக் கன்னியப்பன் டீக்கடையில், உன்னோடு வேலை செய்த டிரைவர் கண்டக்டர்கள் நடுவில் நீ டீ குடித்துக்கொண்டிருந்தபோது காரை நிறுத்தி இறங்கினார். "கறி வாங்கிப் போடச் சொன்னா பட்டினி போட்டிருக்கே. எலும்பும் தோலுமா செத்திருக்குதுங்க. இல்ல, எவன் பேச்சையாவது கேட்டு வெஷம் வெச்சியா?" என்று கேட்டார். நீ பாதி டீயை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து வந்தாய். ரைட்டு உன் பின்னால் வந்தான். பத்தியம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நைனா. ஏன் சொல்லவில்லை? வாயடைத்துப்போனாயா, அல்லது உனக்கே ஏதோ சந்தேகம் இருந்ததா?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நீ சொன்னது ஒன்றுதான். "மூணும் என் கையாலதான் கடைசிக் கஞ்சி குடிச்சிதுங்க." அதற்குப் பிறகு நீ அந்த டீக்கடைப் பக்கம் போகவில்லை. மாமல்லபுரம் போக வேண்டியிருந்தால்கூட கூட்டு ரோட்டுக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி வெயிலில் நடந்தாய். அடுத்த ஆடியில் மார்வலி என்று சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. உன் சாவுக்குக் கன்னியப்பன் வந்தார், பழைய கண்டக்டர் தணிகாசலம் மாமாவும் வந்தார். மாலை போட்டுவிட்டுத் தெருக்கோடியில் போய் நின்றுகொண்டார்கள்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் எங்கே இருந்ததோ, பழி நம் வீட்டில்தான் குடியிருந்தது. நான் வேலை பார்க்கிற லேபுக்கு ரத்தம் சோதிக்க வந்த ஒரு அம்மாள், நான் அவள் கையில் பட்டை கட்டிக்கொண்டிருக்கும்போதே என் முகத்தை உற்றுப் பார்த்து, "நாய்ங்களுக்கு வெஷம் வெச்சாரே டிரைவரு, அவரு பொண்ணுதானே நீ?" என்று கேட்டாள். ஊசி என் கையில் இருந்தது. எப்படிப் பதமாகக் குத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை.

இனி இந்த வருஷக் கதை.

வைகாசியில் ரைட்டு சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பினான். வாசலில் ஆள் வந்தால் எழுந்திருக்கவில்லை. "ரைட், ரைட்" என்று கத்திப் பார்த்தேன், வாலை ஒரு தடவை தரையில் தட்டினான், அவ்வளவுதான். சாயங்காலம் சுவரோரம் காலைத் தூக்கினான் பார், வரக்காப்பி. அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு கொளவாய் ஏரிப் பக்கம் கிளம்பினாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கீழாநெல்லி வாசனை வீட்டில் வந்ததும் நீ வந்துவிட்டது போல இருந்தது, அதே சமயம் கோபமாகவும் வந்தது. மறுபடியும் அதேவா? மறுபடியும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதா?

நான் தினமும் மலேரியாக் காய்ச்சல்காரர்களின் ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்துச் சாயம் ஏற்றிப் பார்க்கிறவள். பிழைப்பே அதுதான். ரைட்டின் காது நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்தேன். கடிக்கக்கூட இல்லை, பாவம். ஸ்டேஷன் பக்கம் இருக்கிற எங்கள் லேபில் ஆள் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். நீ இருந்திருந்தால், "நாய்க்கு இன்னாடி ரத்த டெஸ்ட்டு, அடுத்தது எக்ஸ்ரேவா?" என்று சிரித்திருப்பாய்.

சிவப்பணுக்களுக்குள் ஏதோ இருந்தது நைனா. இரண்டு நீர்த்துளிகளை முனையோடு முனை சேர்த்து வைத்தது போல, ஜோடி ஜோடியாக. மலேரியாவோ என்று முதலில் பதறினேன். பிறகு சாயம் சரியாகக் கழுவாத அழுக்கோ என்று இன்னொரு கண்ணாடி போட்டேன். அதிலும் இருந்தது. என்னவென்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததை வைத்துக்கொண்டு தூங்க முடியுமா? விடிந்ததும் ரைட்டை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் திருக்கழுக்குன்றம் போனேன். கண்ணாடி என் கைக்குட்டையில்.

அங்கே மாட்டாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார், என்னைவிடச் சின்ன வயசு. ரைட்டின் பல் ஈற்றை அழுத்திப் பார்த்தார், வயிற்றைத் தடவினார், என் கண்ணாடியை வாங்கி ஜன்னலோரம் இருந்த மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தார்.

"இதை நீங்களே எடுத்தீங்களா? நல்லா எடுத்திருக்கீங்க. இது உண்ணிக் காய்ச்சல்ங்க. உண்ணி கடிக்கறப்போ அதோட எச்சில் வழியா இந்தக் கிருமி உள்ள போயிடும். ரத்த அணுவுக்குள்ள பூந்து பெருகி, அணுவையே ஒடைச்சிகிட்டு வெளிய வரும். ஒடைஞ்ச ரத்தத்தோட நெறந்தான் மூத்திரத்துல போறது, கண்ணுல மஞ்சளா தெரியறது."

"காமாலை இல்லீங்களா?"

"மஞ்சள் இருக்கு. ஆனா நோவு ஈரல்ல ஆரம்பிக்கல, ரத்தத்துல ஆரம்பிக்குது. கீழாநெல்லி குடுத்தீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். "எல்லாரும் குடுத்துட்டுத்தான் வர்றாங்க. இந்தக் கரையோரம் பூரா இப்போ இதான். அந்தப் பெரிய வீடுங்கள்ல நாய் மாத்தி நாய் சாவுது, பக்கத்துத் தெரு நாய்ங்களும் சாவுது. காமாலைன்னு கைமருந்து பார்த்துட்டு, கடைசி மூச்சுல தூக்கிகிட்டு வர்றாங்க."

மாட்டுக்குப் போடுகிற ஊசிதானாம். மருந்தே மஞ்சளாக இருந்தது. ரைட்டு அன்றைக்கெல்லாம் நடுங்கினான், வாந்தி எடுத்தான். அம்மா என்னை வைத வசவுகளை இங்கே எழுத முடியாது. ஆனால் இரண்டொரு நாளில் மூத்திரம் தெளிந்தது. பிறகு ஒரு காலையில் அம்மா இட்லித் தட்டை வைத்துவிட்டுத் திரும்பியபோது தட்டு காலி. அவள் திட்டிக்கொண்டே அழுதாள், நான் சத்தமாகவே அழுதேன்.

மறுபடி ஊசிக்குப் போனபோதுதான் டாக்டரம்மாவிடம் உன் கதையைச் சொன்னேன். பிரின்ஸ், ரோஸி, சீசர், வரக்காப்பி மூத்திரம், பத்தியம், டீக்கடை, எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார். "இதேதான் இருக்கும்னு தோணுது. ஆனா செத்த நாயோட ரத்தத்தைப் பார்க்காம அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. வெஷத்துல இப்படி ஒண்ணு பின்னால ஒண்ணு ஆற அமர சாகாது, அது மட்டும் நிச்சயம்" என்றார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. அப்படியே பஸ் ஏறி அந்த டீக்கடைக்குப் போய் பெஞ்சு மேல் ஏறி நின்று கத்த வேண்டும் போல இருந்தது. என் நைனா விஷம் வைக்கவில்லை!

எழுந்துவிட்டேன். அப்போது டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டார். "அந்த நாய்ங்க படுத்திருந்த சாக்கெல்லாம் என்ன பண்ணீங்க? உண்ணி நாய் மேலேயே இருக்காதுங்க. குடிச்சு முடிச்சதும் உதுந்து, செவுரு ஏறும், வெடிப்புல பூந்துக்கும், சாக்கு மடிப்புல முட்டை வெக்கும். நாய் செத்தாலும் அது காத்துகிட்டு கெடக்கும்."

உட்கார்ந்துவிட்டேன்.

பிரின்ஸ் செத்த பிறகு, அந்த மார்கழியில் பொங்கலுக்குத் துணி எடுத்துக்கொண்டு உன்னைப் பார்க்கக் கூட்டு ரோட்டுக்கு வந்திருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? கன்னியப்பனின் மணி, அந்தப் பழுப்பு நாய், டீக்கடை அடுப்புச் சாம்பலில் சுருண்டு கிடந்தது. பனி. நீ பங்களாவுக்குப் போய், பிரின்ஸ் படுத்திருந்த சாக்கைக் கொண்டுவந்தாய். புதுச் சாக்கு, கெட்டியானது. ரெண்டு உதறு உதறி, மணிக்கு நாலாக மடித்துப் போட்டாய். "செத்தவன் சாக்கு வீணா எதுக்கு, இது குளிர்ல கெடக்குது பாரு" என்றாய். செத்தவரின் வேட்டியைக்கூட யாருக்காவது உடுத்தக் கொடுக்கிற ஜனம் நாம். நல்ல சாக்கை எவன் எரிப்பான்? அந்த மாசியில் மணி செத்தது. அதற்கும் நீதான் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தனுப்பினாய்.

இன்னொன்றும் கேட்டேன். ரைட்டுக்கு ஏன் அப்போது ஒன்றும் ஆகவில்லை? "நம்ம நாட்டு நாய் தாங்கிக்கும்ங்க. கிருமியை உள்ள வெச்சிகிட்டே வருஷக் கணக்குல ஓடும். ஒடம்பு தளர்ந்தா அப்போ கெளம்பும்" என்றார். அப்படியானால் யாரிடமிருந்து யாருக்கு வந்தது நைனா? மெட்ராஸிலிருந்து காரில் வந்த ஜாதி நாய்கள் கொண்டுவந்து ரைட்டுக்குக் கொடுத்தனவா? அல்லது டிப்போவிலிருந்து உன் சால்வைக்குள் வந்தவன், நீ அப்படிப் பார்த்துப் பார்த்து வளர்த்த அந்த மூன்றுக்கும் கொடுத்தானா? டாக்டரம்மா கையை விரித்துவிட்டார். நான் ரைட்டின் மூஞ்சியைப் பார்த்தேன். அவனுக்கென்ன தெரியும், கொட்டாவி விட்டான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "சும்மா கெடக்கற சங்கை ஏண்டி ஊதறே? வெஷம் வெக்கலன்னு மட்டும் சொல்லு. சாக்கு கதையெல்லாம் எதுக்கு? ஒரு பழியைத் தொடச்சிட்டு இன்னொண்ணை நீயே பூசுவியா அந்த மனுஷனுக்கு?" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. சாக்குக் கதை உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. கன்னியப்பனுக்கு அது வெறும் சாக்கு. வாயை மூடிக்கொண்டால் உன் பெயர் வெள்ளையாகிவிடும். நானும் அப்படித்தான் முடிவு செய்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். முதலில் பங்களா, முதலாளியின் போன் நம்பர் வாங்க வேண்டும். பிறகு டீக்கடை. விஷம் இல்லை, நோவு. அதோடு நிறுத்திக்கொள்வது.

உன் இடத்தில் இப்போது ஏழுமலை என்று ஒருவர் இருக்கிறார், செய்யூர் பக்கத்து ஆள். கேட்டைத் திறந்தவரின் கையெல்லாம் பச்சை. உள்ளே அவர் மனைவி அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். என்ன இலை என்று நான் சொல்லவா வேண்டும்? உன் கொட்டகையில், உன் நாய்கள் கிடந்த அதே மூலையில், டைசன் என்று ஒரு பெரிய நாய் தலையைத் தரையில் வைத்துக் கிடந்தது. கண் மஞ்சள். சுவரைப் பார்த்தேன். சுண்ணாம்பு வெடிப்பிலிருந்து உண்ணிகள் வரிசையாக மேலே ஏறிக்கொண்டிருந்தன.

"போன மாசம் ஒண்ணு செத்துப் பூட்சிம்மா" என்றார் ஏழுமலை. "இதுவும் பூட்சின்னா மொதலாளி என்னத்தான் கேப்பாரு. முன்னாடி இருந்த பெரியவரு வெஷம் வெச்சாருன்னு தொரத்தினாராம். எனுக்கு ராவெல்லாம் தூக்கமே இல்ல. பெரிய பேஜாரா கீது." அந்தப் பெரியவரின் மகள் நான் என்று அவருக்குத் தெரியாது.

வேலிப் படலில் ஒரு சாக்கு காய்ந்துகொண்டிருந்தது. நல்ல கெட்டிச் சாக்கு. "அது?" என்றேன்.

"செத்துப்போன நாயிதும்மா. கூட்டு ரோட்டு டீக்கடையாண்ட ஒரு நாய் குட்டி போட்டு கீது. மழ வர்றதுக்குள்ள அதுங்களுக்குக் குடுக்கலாம்னு ஒதறி வெச்சிகினு கீறேன்."

நைனா, எனக்கு அந்த இடத்தில் உன்னைப் பார்த்தது போலவே இருந்தது. அவர் முகத்தில் அதே நல்ல எண்ணம். அவர் மேல் கோபப்பட முடியுமா? முடிந்தால் உன் மேலும் கோபப்பட வேண்டும். வரும் வழியில் நான் செய்துவைத்த முடிவு அந்தப் படலிலேயே கிழிந்துபோயிற்று.

ஏழுமலையின் செல்போனிலிருந்து முதலாளியைக் கூப்பிட்டேன். நோவைச் சொன்னேன், டாக்டரம்மாவைச் சொன்னேன், உடனே ஊசி போடாவிட்டால் டைசன் பிழைக்காது என்றேன். "நீங்க யாரு?" என்றார். "உங்க பழைய வாட்ச்மேன் பொண்ணு. டிரைவர் பொண்ணு. அவரு வெஷம் வெக்கல சார். பட்டினி போடல. அது காமாலைப் பத்தியம்." எதிர்முனையில் கார் ஹாரன் சத்தம். பிறகு, "சரிம்மா. நாய் பொழைச்சிடுமா?" என்றார். அவ்வளவுதான் நைனா. நான் இத்தனை நாள் காத்திருந்தது அந்த "சரிம்மா"வுக்குத்தான் போலிருக்கிறது. அதை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றால் கையில் ஒன்றுமில்லை.

டாக்டரம்மா வந்து ஊசி போட்டார். டைசனுக்கு ரத்தமே இல்லை, வேறு நாய் ரத்தம் ஏற்றினால் நல்லது, மெட்ராஸ் கொண்டுபோங்கள் என்றார். "எங்க ரைட்டு தேறிட்டான், அவன் ரத்தத்தை எடுத்துக்கலாமா?" என்று கேட்டேன். "கூடவே கூடாதுங்க. ஒரு தடவை வந்துட்டா அது உள்ளயே தங்கியிருக்கும். அவன் குடுத்தா நோவையும் சேர்த்துக் குடுத்த மாதிரி" என்றார். மனசிருந்தாலும் கொடுக்கக் கூடாதது என்று ஒன்று இருக்கிறது பார். டைசனை அன்றைக்கே முதலாளியின் கார் வந்து ஏற்றிப்போயிற்று. இன்றுவரை உயிர் இருக்கிறதாம், எழுந்து நிற்கிறதாம். மேலே தெரியாது.

பிறகு நான் டீக்கடைக்குப் போனேன். சாக்கில் உண்ணி இருக்கும் என்று நான் சொன்னதால் ஏழுமலையும் அதை ஒரு கழியில் மாட்டித் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். வழியில்தான் நான் யார் என்று சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார், ஏனென்று எனக்குப் புரியவில்லை.

கன்னியப்பன் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். தணிகாசலம் மாமா பெஞ்சில். இன்னும் சிலர். அடுப்போரம் கோணிக்குள் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். காமாலை இல்லை, உண்ணிக் காய்ச்சல். விஷம் இல்லை, பட்டினி இல்லை, பத்தியம். அதோடு நிறுத்தியிருக்கலாம். தணிகாசலம் மாமா "நான் அன்னிக்கே நெனைச்சேன் மா" என்று எழுந்துகூட விட்டார். குட்டிகளைப் பார்த்தேன். மீதியையும் சொன்னேன். சாக்கில் முட்டை இருக்கும் என்று. பிரின்ஸின் சாக்கு எங்கே வந்தது என்று.

கன்னியப்பன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "அப்போ எங்க மணி... உங்க நைனா குடுத்த அந்தச் சாக்குலயா?"

"ஆமாண்ணே. அப்படித்தான் இருக்கும்."

மணி அவருக்குப் பிள்ளை மாதிரி என்று உனக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் போனாலும் அதற்கென்று ஒரு வடையை மடித்துக்கொண்டு வருகிற மனுஷன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கழியில் தொங்கிய சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். போச்சு நைனா, அம்மா சொன்னது சரி, நானே என் கையால் பூசிவிட்டேன் என்று நினைத்தேன்.

அவர் பாத்திரத்தை மேடையில் வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"குளிருதுன்னுதானே குடுத்தாரு" என்றார்.

மேடையைச் சுற்றிக்கொண்டு வந்து, குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி என் கையில் கொடுத்தார். அவை படுத்திருந்த கோணியை உருவி, ஏழுமலையின் சாக்கையும் வாங்கி, ரோட்டோரம் கொண்டுபோய் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். "அந்தப் பங்களாவுல மீதி எவ்ளோ சாக்கு கீதோ அல்லாத்தையும் எடுத்தா" என்று ஏழுமலையிடம் சத்தம் போட்டார். தணிகாசலம் மாமா குட்டிகளின் காதைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு, "இன்னா மா இது, இத்துனூண்டு உண்ணி" என்று முணுமுணுத்தார். புகை உன் பழைய பஸ் ரூட் முழுக்கப் போயிருக்கும்.

இப்போது சொல், கோபமா உனக்கு? மணி விஷயத்தை நான் சொன்னதில்? நீயாக இருந்தால் நீயே சொல்லியிருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சில நேரம் நம்புகிறேன், சில நேரம் நம்பவில்லை. அதனால்தான் இந்த அலைச்சல்.

ஆனால் ஒன்று உறுதி சொல்கிறேன். அந்தக் கொட்டகைச் சுவரின் வெடிப்பெல்லாம் சிமெண்டு பூசி மருந்து அடிக்கும்வரை ஏழுமலையை விடமாட்டேன், அவர் முதலாளியையும் விடமாட்டேன். கூட்டு ரோட்டில் எந்த நாயின் கண்ணாவது மஞ்சளானால் கன்னியப்பன் எனக்குப் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார். கண்ணாடியோடு முதல் பஸ்ஸில் போவேன், டீக்கடை வாசலிலேயே இறங்குவேன். மார்கழியில் ரைட்டுக்குக் குளிரும். என் பழைய புடவையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு அலசி அவனுக்கு விரிப்பேன். பக்கத்துத் தெருவில் எந்த நாய் குளிரில் சுருண்டு கிடந்தாலும் அந்தப் புடவையை மட்டும் எடுத்துக் கொடுக்க மாட்டேன், நைனா. உன் மகளாய்ப் பிறந்துவிட்டு ஒன்றைக் கொடுக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத்தான் தெரியும்.

உன் மூத்த மகள், ரைட்டுக்கு அக்கா,
வளர்மதி